ஷேர் கான் கோட்டு சூட்டு போட்டிருந்தாரா? பாதி ஞாபகத்தில் நிற்கும் கார்ட்டூனைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆபீஸ் டீ பிரேக்கில் யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார். "மச்சி, சின்ன வயசுல ஒரு கார்ட்டூன் வரும்டா. ஒரு கரடி பிளேன் ஓட்டும். புலி ஒண்ணு கோட்டு சூட்டு போட்டுட்டு பெரிய ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கும். பேரு மட்டும் வரமாட்டேங்குது." பக்கத்தில் இருப்பவர், "அது ஜங்கிள் புக்டா" என்பார். "ஜங்கிள் புக்ல ஏதுடா பிளேன்?" என்று மூன்றாவது ஆள் சிரிப்பார். அஞ்சு நிமிஷத்தில் முதல் ஆளுக்கே சந்தேகம் வந்துவிடும். கனவில் கண்டதை டிவியில் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ?

கனவு இல்லை. அது 'டேல்ஸ்பின்'. 1990-ல் டிஸ்னி எடுத்த தொடர். தன்னுடைய பழைய 'ஜங்கிள் புக்' படத்தின் கதாபாத்திரங்களையே எடுத்து, பாலு கரடியைச் சரக்கு விமான பைலட்டாகவும், ஷேர் கானைப் பெரிய கம்பெனி முதலாளியாகவும், குரங்கு லூயியைக் கேளிக்கை விடுதி நடத்துபவராகவும் மாற்றிப்போட்டது டிஸ்னி. தொண்ணூறுகளில் இது தூர்தர்ஷனில் இந்தியில் வந்தது. அதே தொண்ணூறுகளில், அதே தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்' தொடரும் வந்தது. இரண்டிலும் பாலு, இரண்டிலும் ஷேர் கான். இந்தி புரியாமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் மனசில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனதில் என்ன ஆச்சரியம்?

அந்த 'ஜங்கிள் புக்'கிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாம் பார்த்தது எந்த ஜங்கிள் புக்?

ஒரு மௌக்லி அல்ல, பல மௌக்லி

ருட்யார்ட் கிப்ளிங்கின் புத்தகம் 1894-ல் வந்தது. டிஸ்னியின் படம் 1967-ல். தூர்தர்ஷனில் வந்த தொடர் இவை இரண்டும் இல்லை. அது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-ல் தயாரித்த 52 எபிசோடு கொண்ட அனிமே. அதை இந்தியில் டப் செய்து, புதிதாக ஒரு தலைப்புப் பாடலையும் சேர்த்து ஒளிபரப்பினார்கள். பாடலை எழுதியவர் குல்சார், இசை விஷால் பரத்வாஜ். ஷேர் கானுக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர்.

இந்த விவரம் தெரியாத ஒருவர் இன்று யூடியூபில் தேடினால் என்ன ஆகும்? 'ஜங்கிள் புக் கார்ட்டூன்' என்று போட்டதும் டிஸ்னி படம் வந்து நிற்கும். பார்ப்பார். "இது இல்லையே, வேற மாதிரி இருக்குமே" என்பார். ஜப்பானிய மூலத்தைத் தேடிப்பிடித்தாலும், "அந்தப் பாட்டு எங்க போச்சு?" என்பார். ஜப்பானிய மூலத்தில் அந்தப் பாட்டு கிடையாது. இந்தியாவுக்காகப் போடப்பட்டது அது.

ஆனால், ஒரே ஒரு துப்பு கையில் இருந்தால் போதும். உங்கள் ஞாபகத்தில் மௌக்லி பூமராங் வீசுகிறானா? அப்படியானால் நீங்கள் பார்த்தது ஜப்பான் தொடர். ஆடிப் பாடும் ஒராங்குட்டான் ராஜா வருகிறாரா? அது டிஸ்னி. அந்த ராஜா கிப்ளிங் புத்தகத்திலேயே இல்லை, டிஸ்னி உருவாக்கிய கதாபாத்திரம். புலி கோட்டு போட்டிருந்தால், மேலே சொன்ன டேல்ஸ்பின்.

கதைச் சுருக்கம் இங்கே உதவவில்லை பாருங்கள். 'காட்டில் வளரும் பையன், அவனைக் கொல்லத் துடிக்கும் புலி' என்பது எல்லா மௌக்லிக்கும் பொருந்தும். பூமராங் ஒன்றுக்குத்தான் பொருந்தும். பழைய கார்ட்டூனைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கதையைச் சொல்லியே கேட்கிறார்கள். வீணான வேலை. கதைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி மனசில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு சின்னப் பொருள்தான் பல நேரம் கதவைத் திறக்கிறது.

மூளை ஏன் இப்படிச் செய்கிறது?

நினைவு என்பது வீடியோ பதிவு அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் 1932-ல் எழுதிய நூலில் இதைக் காட்டினார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதையில் வந்த பழங்குடிகளின் 'கேனோ' சாதாரணப் படகாக மாறியது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தெரியாத இடத்தை எல்லாம் மூளை தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

மொழி புரியாமல் பார்த்த கார்ட்டூனில் இந்த நிரப்பல் இன்னும் அதிகம். ஜப்பானியப் பையன் இந்தியில் பேசுகிறான், நமக்குப் புரிவதோ படம் மட்டும். அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ சொன்ன விளக்கத்தை வைத்துக் கதையை நாமே எழுதிக்கொண்டோம். இன்று நம் தலைக்குள் இருப்பதில் பாதி அந்த அக்காவின் திரைக்கதை.

இன்னொரு சோதனை இதைவிட சுவாரஸ்யமானது. எலிசபெத் லாஃப்டஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்டது. டிஸ்னிலேண்டில் பக்ஸ் பன்னியோடு கைகுலுக்குவதுபோல ஒரு போலி விளம்பரத்தைத் தயார் செய்து சிலரிடம் காட்டினார்கள். பிறகு, "சின்ன வயசில் டிஸ்னிலேண்ட் போனபோது என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 16 சதவீதம் பேர், பக்ஸ் பன்னியைச் சந்தித்தது நினைவிருப்பதாகச் சொன்னார்கள். நடக்கவே வாய்ப்பில்லாத சந்திப்பு அது. பக்ஸ் பன்னி வார்னர் பிரதர்ஸின் முயல். டிஸ்னியின் வாசலில் அதற்கு வேலை இல்லை.

இதனால்தான் தேடலில் முதல் விதி: யாரிடமும் கேட்பதற்கு முன்னால் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட அடுத்த நிமிஷமே, "அதுல ஒரு பச்சைக் கலர் நாய் கூட வரும்ல?" என்று ஒருத்தர் கேட்பார். நாளைக்கு அந்தப் பச்சை நாய் உங்கள் ஞாபகத்தில் குரைக்க ஆரம்பித்துவிடும்.

சுவர் விரிசல், கடிகார மனிதன்

இந்த மாதிரித் தேடல்களில் உலகப் புகழ் பெற்றது 'கிராக்ஸ்'. அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சிக்கு நடுவில் 1975 முதல் சில ஆண்டுகள் வந்த ஒரு குட்டி அனிமேஷன். ஒரு சிறுமி தன் அறைச் சுவரில் உள்ள விரிசல்களைப் பார்க்கிறாள். அவை ஒட்டகமாக, குரங்காக, கோழியாக உயிர் பெறுகின்றன. கடைசியில் கொடூர முகத்தோடு ஒரு பெரிய விரிசல் வந்து, உடைந்து நொறுங்குகிறது. பார்த்த குழந்தைகள் பயந்துபோனார்கள். எங்கேயும் கிடைக்காமல் போன அந்த சில நிமிடப் படத்தைப் பெரியவர்களான பிறகு பல ஆண்டுகள் தேடினார்கள்.

தேடியவர்கள் பலர் அந்த முகத்தை 'விரிசல் பூதம்' என்றே அழைத்துவந்தார்கள். படத்தில் அதன் பெயரோ 'கிராக் மாஸ்டர்'. பயம் அப்படியே பத்திரமாக இருந்தது, பெயர்தான் மாறிவிட்டது. தேடியவர்களில் ஒருவருக்கு முகம் தெரியாத யாரோ ஒரு பிரதியை அனுப்பிவைத்தார், ஆனால் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. கையில் வைத்துக்கொண்டு காட்ட முடியாத கொடுமை! 2013 இறுதியில், தொலைந்த படைப்புகளைத் தேடும் குழுவினருக்கு மீண்டும் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சலில் படம் வந்தது. அதன் பிறகுதான் உலகம் பார்த்தது.

'கிளாக்மேன்' கதை இன்னும் விசித்திரம். எண்பதுகளில் அமெரிக்க டிவியில் பார்த்த ஒரு படத்தைச் சிலர் தேடினார்கள். கடிகாரத்தோடு தொடர்புள்ள ஒரு பயங்கர மனிதன், தூக்கிச் செல்லப்படும் ஒரு குழந்தை. இவ்வளவுதான் தகவல். பல ஆண்டுகள் கழித்து 2017-ல் கண்டுபிடித்தார்கள். பார்த்தது அமெரிக்காவில் என்றாலும், படம் 1976-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் எடுக்கப்பட்டது. தலைப்பில் கடிகாரமும் இல்லை, மனிதனும் இல்லை. அலங்காரப் பைத்தியமான சாலி என்ற சிறுமியைப் பற்றிய படம் என்றுதான் தலைப்பு சொல்கிறது. நிக்கலோடியனில் வந்த 'பின்வீல்' என்ற நிகழ்ச்சி வெளிநாட்டுக் குறும்படங்களை வாங்கி நடுநடுவே போட்டதால் வந்த வினை.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. எந்த நாட்டில் பார்த்தோம் என்பது எந்த நாட்டுப் படம் என்று சொல்லாது. நம் ஊரில் 'ஆகி அண்ட் த காக்ரோச்சஸ்' பார்த்தவர்கள் எத்தனை பேருக்கு அது பிரெஞ்சுத் தொடர் என்று தெரியும்? மூலத்தில் அந்தப் பூனை ஒரு வார்த்தை பேசாது. இந்தி டப்பிங்கில்தான் ஷாருக்கான் குரலைப் போலி செய்து அதைப் பேச வைத்தார்கள். வசனத்தை வைத்து மூலத்தைத் தேடுகிறவர் எந்தக் காலத்தில் கண்டுபிடிப்பார்?

தமிழ் டப்பிங் என்ற தனிச் சிக்கல்

2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தது. அதுவரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தமிழில் பேசும் கார்ட்டூன் சேனல். டோராவும் ஜாக்கி சானும் வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். இன்று மீம்களில் ஓடும் "குள்ளநரி திருடக் கூடாது" அந்தக் காலத்துச் சொத்துதான்.

டோராவின் குரங்கு நண்பன் பெயர் என்ன? நமக்கு அவன் புஜ்ஜி. உலகத்துக்கு 'பூட்ஸ்'. காலில் சிவப்பு பூட்ஸ் போட்டிருப்பதால் அந்தப் பெயர். குள்ளநரிக்கு மூலத்தில் 'ஸ்வைப்பர்' என்று பெயர். டோரா பிரபலமானவள் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால், இரண்டு மாதம் மட்டும் ஓடி நின்றுபோன ஒரு தொடரில் இப்படிப் பெயர் மாற்றியிருந்தால்? தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. ஆகவே பெயரை முதலில் மறந்துவிடுங்கள். உருவத்தைச் சொல்லுங்கள், பொருளைச் சொல்லுங்கள். ஜாக்கி சான் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பழம்பொருள் கடை நடத்தும் மாமா, 12 மந்திரக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம், முயல் கல் வேகத்தைத் தரும்' என்று ஆங்கிலத்தில் போட்டால், ஜாக்கி சான் பெயரே இல்லாமல் விடை வந்து விழும்.

சரி, எப்படித் தேடுவது?

ஒரு தாளை எடுங்கள், இல்லையென்றால் போனில் நோட்ஸைத் திறங்கள். நிச்சயமாகத் தெரிந்ததை ஒரு பக்கம், 'அப்படித்தான் நினைக்கிறேன்' என்பதை இன்னொரு பக்கம் எழுதுங்கள். நிறத்தையும் பெயரையும் வருஷத்தையும் கூச்சப்படாமல் இரண்டாவது பக்கத்தில் போடுங்கள். இந்த மூன்றும்தான் அதிகம் ஏமாற்றும்.

வருஷத்தை நேராக யோசிக்காதீர்கள், வராது. எந்த வீட்டில் இருந்தீர்கள்? அப்போது கேபிளா, டிடிஎச்சா, மொட்டை மாடி ஆன்டெனாவா? ஸ்கூல் விட்டு வந்து பார்த்ததா, ஞாயிறு காலையா? அதற்கு முன்னால் என்ன நிகழ்ச்சி ஓடியது? தம்பி பிறந்திருந்தானா? நாலாவது வரை ஒரு ஊர், அஞ்சாவதிலிருந்து வேற ஊர் என்று மாறியவர்களுக்கு இது ரொம்ப வசதி. டிரான்ஸ்பர் வாங்கிய அப்பாக்களுக்கு நன்றி.

அப்புறம் படத்தின் வகை. கையால் வரைந்ததா, களிமண் பொம்மையா, நூல்கட்டிய பொம்மையா, கம்ப்யூட்டர் 3டியா? ஒரு கதை அரைமணி நேரம் முழுக்க ஓடியதா, அரைமணிக்குள் இரண்டு மூன்று குட்டிக் கதைகளா? வாரா வாரம் கதை தொடர்ந்ததா? இந்தக் கேள்விகளுக்கு மனசு சாதாரணமாகத் தப்பான பதில் சொல்லாது. நூற்றுக்கணக்கான தொடர்களை இவை ஒரே அடியில் கழித்துக் கட்டிவிடும்.

கார்ட்டூன் இல்லாததைக் கார்ட்டூன் என்று நினைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. 'பவர் ரேஞ்சர்ஸ்' அப்படித்தான். அதில் இன்னொரு கூத்து, 1993-ல் வந்த முதல் சீசனின் சண்டைக் காட்சிகள் ஜப்பானின் 'ஜூரேஞ்சர்' தொடரிலிருந்து எடுத்தவை. முகமூடி போட்டால் ஜப்பான், கழற்றினால் அமெரிக்கா. "அதே சண்டை, ஆனா வேற ஆளுங்க" என்று யாராவது சொன்னால், அவர் உளறவில்லை.

இணையத்தில் கிடைக்காதபோது பலர் மறந்துவிடும் ஓர் இடம் இருக்கிறது: பழைய செய்தித்தாள். தினசரிகளில் 'இன்றைய டிவி நிகழ்ச்சிகள்' என்று ஒரு கட்டம் வருமே, அதேதான். எந்த சேனல், எத்தனை மணி, என்ன பெயர் எல்லாம் அதில் இருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம் பழைய நாளிதழ்களைச் சேமித்து வைத்திருக்கிறது. ஞாயிறு காலை 9 மணி என்று மட்டும் தெரிந்தால் போதும், ஒரு வருஷத்தின் 52 ஞாயிறுகளைப் புரட்டினால் முடிந்தது. ஒரு சனிக்கிழமை செலவாகும். அதற்கு மதிப்பு உண்டா என்பது அந்தக் கார்ட்டூன் உங்களுக்கு யார் என்பதைப் பொறுத்தது.

கிடைத்தது அதுதானா?

இங்கேதான் கவனம் வேண்டும். தேடியவர் களைத்துப்போய், ஓரளவு பொருந்துகிற ஒன்றைப் பார்த்ததும் "ஆமாம், இதேதான்" என்று சரணடைந்துவிடுவார். அன்றிலிருந்து பழைய ஞாபகத்தின் மேல் புதுப் படம் பூசப்பட்டுவிடும். பிறகு அசலே வந்து முன்னால் நின்றாலும் அடையாளம் தெரியாது.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. உங்களிடம் உள்ள துப்புகளில் மிக விசித்திரமான ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒரு பெயரைச் சொன்னதும், போய் ஓர் எபிசோடு பாருங்கள். நீங்கள் ஒளித்துவைத்தது அதில் இருந்தால் சந்தேகம் வேண்டாம். இல்லாவிட்டால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம், இன்னும் நாலு எபிசோடு பாருங்கள்.

ஏஐ சாட்பாட்டிடம் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில், பொருள்களை வைத்துக் கேட்டால் பல நேரம் சட்டென்று சொல்லிவிடும். ஆனால், தெரியாதபோது சும்மா இருக்காது. இல்லாத ஒரு தொடருக்குப் பெயர், வருஷம், கதை எல்லாம் சேர்த்துப் பதவிசாகச் சொல்லும். உங்கள் வர்ணனையையே திருப்பிச் சொல்வதால் கேட்கும்போது நம்பத் தோன்றும். அந்தப் பெயரில் ஒரு வீடியோவாவது, ஒரு போஸ்டராவது கண்ணில் படும்வரை நம்பாதீர்கள்.

வதந்திகளும் ஞாபகமாக வேஷம் போடும். "டோரேமான் கடைசி எபிசோடுல நொபிதா கோமாவுல இருப்பான், எல்லாமே கனவு, நான் பார்த்திருக்கேன்" என்பார்கள். பார்த்திருக்க முடியாது. கதையை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-ல் இறந்தபோது, அதற்கு அதிகாரபூர்வமான முடிவு எதையும் எழுதியிருக்கவில்லை. "டாம் அண்ட் ஜெர்ரி கடைசியில ரயில் தண்டவாளத்துல உட்கார்ந்துடும்" என்பதோ பாதி உண்மை. அந்தப் படம் இருக்கிறது, 1956-ல் வந்த 'ப்ளூ கேட் ப்ளூஸ்'. ஆனால் அது கடைசி இல்லை, அதற்குப் பிறகும் டாம் ஜெர்ரியைத் துரத்திக்கொண்டேதான் இருந்தது.

படம் கிடைக்கும், குரல் கிடைக்குமா?

பெயரைக் கண்டுபிடித்த பிறகு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. தொடர் ஆங்கிலத்தில் கிடைக்கும், ஜப்பானிய மொழியில் கிடைக்கும். நாம் கேட்டு வளர்ந்த தமிழ்க் குரல் கிடைக்காது. மூலப் படத்தைத் தயாரித்த நிறுவனம் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கும். ஒரு மாநிலத்துக்காக, ஒரு சேனலுக்காகச் செய்த டப்பிங் ஒலியை இன்றும் தேடி எடுத்து வெளியிட வேண்டிய வியாபாரக் கட்டாயம் யாருக்கும் இல்லை. உரிமம் முடிந்தால் ஒளிபரப்பு முடிந்தது. டப்பிங் கலைஞர்களின் பெயர்களும் பெரும்பாலும் திரையில் வந்ததில்லை.

இதற்கு மாற்று மருந்து ரசிகர்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. பிபிசி, அறுபதுகளின் 'டாக்டர் ஹூ' எபிசோடுகள் பலவற்றை அழித்துவிட்டது. அது கார்ட்டூன் இல்லைதான், ஆனால் கதை பொருந்தும். படம் காணாமல்போன எபிசோடுகளுக்குக்கூட ஒலி இன்றும் இருக்கிறது. காரணம், டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த பிள்ளைகள். 2013-ல் 9 எபிசோடுகள் மீட்கப்பட்டதாக பிபிசி அறிவித்தது. அவை கிடைத்தது லண்டனில் இல்லை, நைஜீரியாவின் ஜோஸ் நகரில். எப்போதோ ஒளிபரப்புக்காக அனுப்பிய பிரதிகள்.

நம் வீடுகளிலும் கல்யாண வீடியோ கேசட்டின் கடைசிப் பத்து நிமிஷத்தில், அத்தை மகன் டிவியிலிருந்து எதையோ பதிவு செய்திருப்பான். டிவி ட்யூனர் கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டரில் எழுதிய சிடி ஒன்று எங்காவது கிடக்கும். அடுத்த முறை ஊருக்குப் போனால் பாருங்கள். கேசட்டைக் கண்டதும் ஆசையில் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். சின்ன ஜன்னல் வழியே டேப்பில் வெள்ளையாகப் பொடிப் பொடியாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் டேப்பும் அறுந்து, பிளேயரின் ஹெட்டும் கெட்டு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தருகிறவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, "கல்யாணம் முடிஞ்ச பிறகும் டேப் ஓடட்டும், நடுவுல நிறுத்தாதீங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள்.